நான்கு சாய்ந்த கோடுகள்

கண்ணாடி இழைத் தூள் உடம்பில் பட்டால் வெந்நீரில் குளிக்கக் கூடாது. பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் ஊற்றினால் தூள் உள்ளே இறங்கிவிடும். விடிய விடியச் சொறிய வேண்டியதுதான். இதைக்கூட அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தார்.

கம்பெனி எப்படித் தொடங்கியது என்று கேட்டீர்கள். வெள்ளிவிழா மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தந்திருக்கிறேன். அதில் பொய் இல்லை. கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

அண்ணன் மரத்தில் ஒரு படகு செய்தார். பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்களுக்கான படகு, முப்பது அடி. பெரிய மீன் இழுத்தால் சட்டென்று திரும்ப வேண்டும். முகப்பு அலையைக் கிழிக்க வேண்டும், ஆனால் ஏறி நிற்பவன் நனையக் கூடாது. அந்த வளைவு கைக்கு வர ஒன்பது வருடம் ஆயிற்று. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் மறுபடி இழைப்பார்.

அந்த மரப்படகின் மேல் அச்சு எடுக்கலாம் என்பது என் யோசனை. இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தோம். அச்சு பொல்லாத சாமான். அதில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தால், அதில் பிறக்கிற படகுக்கெல்லாம் அந்த முடி இருக்கும்.

முதல் ஃபைபர் படகு அச்சிலிருந்து கழன்று வந்த அன்று நான் கைதட்டினேன். அண்ணன் ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு போதும். அச்ச உடைச்சிடலாம்."

"நூறு போடலாம்ணா."

"நூறும் ஒண்ணு போல இருந்தா அதுக்குப் பேரு படகு இல்லடா, செருப்பு."

"செருப்புக் கடைக்காரன் நல்லாத்தானே இருக்கான்?"

சிரித்தார். அவர் சிரித்தால் மனது மாறிவிட்டது என்று அர்த்தமில்லை. எனக்காக இன்னும் ஒன்று, அதோடு சம்மட்டி என்றார். சொன்னால் சொன்னதுதான்.

மறுநாள் மத்தியானம் அச்சைச் சுத்தம் செய்ய உள்ளே இறங்கினார். முகப்புப் பக்கம் கிணறு மாதிரி ஆழம், குறுகல். மேலே வெயிலுக்குத் தார்ப்பாய். அவர் கையில் இரும்புச் சுரண்டி, பக்கத்தில் ஒட்டிய பிசினைக் கரைக்க ஒரு வாளி அசிட்டோன். அதன் ஆவி காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும். வெளியே இழுக்க ஒரு விசிறி வைத்திருந்தோம்.

மயங்கி விழுந்தவர் எழவில்லை. எழ முயன்றிருக்கிறார். சுரண்டி நான்கு இடத்தில் அச்சைக் கீறியிருந்தது. அச்சில் பள்ளம், படகில் மேடு. அதற்குப் பிறகு முந்நூற்றுப் பன்னிரண்டு படகு விட்டிருக்கிறோம். எல்லாவற்றின் முகப்பிலும் நான்கு சாய்ந்த கோடுகள். வாங்குகிறவர்கள் அலை என்று நினைத்தார்கள். பிறகு அதுவே கம்பெனிச் சின்னம். என் சட்டைப் பையிலும் இருக்கிறது, பாருங்கள்.

நானே இரண்டு முறை அந்தக் கீறல்களைப் பூசி மூடினேன். அடுத்த படகில் மறுபடி தெரிந்தன. பூச்சு சுருங்குகிறது என்றான் மேஸ்திரி. இருக்கலாம். கடலில் அலை அந்தக் கோடுகளில் உரசும்போது யாரோ சுரண்டுவது போல் ஒரு சத்தம் வரும். மற்றவர்களுக்குக் கேட்பதில்லை. நான் பின்பக்கமே நிற்பேன்.

அண்ணி ஒரே ஒரு முறைதான் கேட்டார்.

"நீ அங்கதான இருந்த?"

"வெளியில இருந்தேன், அண்ணி."

"விசிறி சத்தத்துல உனக்கெங்க கேட்டிருக்கும். பாவம்."

அந்தப் பாவம் யாருக்கு என்று நான் விசாரிக்கவில்லை.

அண்ணி சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். விசிறி ஓடவில்லை. அவர் இறங்கிய பிறகு நான்தான் நிறுத்தினேன். அந்த இரைச்சலில் அவர் ஏதாவது சொன்னால் காதில் விழாதே என்றுதான்.

நன்றாகவே கேட்டது. பிறந்ததிலிருந்து என்னை 'டேய்' என்றே கூப்பிட்டவர், முதல் தடவையாக 'தம்பி' என்றார். கேட்க இதமாக இருந்தது. இன்னொரு தடவை கூப்பிடுவார் என்று காத்திருந்தேன்.