முந்திக்கொண்ட சிரிப்பு

காலைக் கறவையை முடித்துவிட்டு, மாலைக் கறவைக்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற அவசரத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் பிரையர்ஸ் கிரீக் பொதுமன்றத்தை நிறைத்திருக்கும் பெருமக்களே! கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, கையில் மணியோடு என் பேச்சின் நீளத்தை அளந்துகொண்டிருக்கும் மன்றத் தலைவர் திருமதி நோரீன் ஆல்கட் அவர்களே! முன்வரிசையில் முழங்காலுக்குப் போர்வையும் முகத்துக்குக் கண்டிப்பும் அணிந்து அமர்ந்திருக்கும் மூத்தோரே! வீட்டுக்கொரு தட்டாகக் கொண்டுவந்து, லாமிங்டன் கேக்கையும் பூசணி ஸ்கோனையும் துணியால் மூடி, பேச்சு முடியும்வரை ஒரு கையும் அணுகாமல் காவல் காக்கும் தாய்மார்களே! என்னிடம் அறிவியல் படித்து, படித்ததை அன்றைக்கே மறந்து, ஆனாலும் என்னை மறக்காத என் மாணவச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு கனிந்த வணக்கம்.

என்ன பிரெண்டன்? "மைக்கைக் கிட்ட வச்சுப் பேசுங்க சார், ஒண்ணுமே கேக்கல" என்கிறாயா? முப்பது ஆண்டுகளுக்கு முன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உனக்கு இந்தக் கவலை வந்ததே இல்லையே அப்பா!

அவையோரே, தலைவர் எனக்குத் தந்த தலைப்பு, 'சிரிப்புப் படமும் விண்வெளிப் படமும்: ஒரு சாதாரண ரசிகனின் பார்வை.' சாதாரண என்ற சொல்லை அவர் அழுத்தித்தான் சொன்னார். நான் விமர்சகன் அல்லன். சோபாவில் சாய்ந்து, பாதிப் படத்தைக் கண்ணால் பார்த்து, மீதிப் படத்தைக் குறட்டையால் முடித்து வைப்பவன். ஆனாலும் எனக்கும் கருத்து உண்டு. கருத்துக்குக் கட்டணம் இல்லையே!

விண்வெளிப் படங்களை நாற்பது ஆண்டுகளாகப் பார்க்கிறேன். எனக்கு ஒரு சந்தேகம். எதிர்காலத்து மனிதர்கள் ஏன் எல்லாரும் ஒரே மாதிரி சட்டை போடுகிறார்கள்? அந்தச் சட்டையை யார் துவைக்கிறார்கள்? எங்கே காயப்போடுகிறார்கள்? ஆயிரம் பேர் வாழும் கப்பலில் ஒரு கொடிக்கயிறு உண்டா? ஒரு மாடு உண்டா? காலையில் அவர்கள் குடிக்கும் தேநீருக்குப் பால் எங்கிருந்து வருகிறது? கதவு தானே திறக்கிறது, விளக்கு தானே எரிகிறது, எல்லாம் சரி. மாடு தானே கறந்துகொள்ளுமா என்று கேட்டால் மட்டும் நம் ஊர்க்காரர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். ஆம், இப்போது தட்டுகிறீர்களே, இதைத்தான் சொன்னேன்!

சிரிப்புப் படத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்து நகைச்சுவைத் தொடர்களில் சிரிப்பொலி கேட்கும். மெல்பர்னில் படப்பிடிப்புக் கூடத்தில் உண்மையான மனிதர்களை வரிசை வரிசையாக உட்காரவைத்து, அவர்கள் எதிரில் நடித்து, அவர்கள் சிரிப்பதையும் சேர்த்துப் பதிவு செய்தார்கள். இன்றைய தொடர்களில் அது இல்லை. ஒருவர் ஏதோ சொல்கிறார், இன்னொருவர் மேலே பார்க்கிறார், மௌனம். நான் என் மனைவியைப் பார்க்கிறேன், அவள் என்னைப் பார்க்கிறாள். "இது சிரிக்கிற இடமா?" என்கிறேன். "தெரியல, நீங்க வேணா சிரிச்சுப் பாருங்க" என்கிறாள். இப்படியா சிரிப்பது? தனியாக அழலாம் ஐயா, தவறில்லை. தனியாகச் சிரிக்க முடிகிறதா?

இந்தக் கேள்வியோடு என் கருத்துகள் முடிந்தன. இனி நான் சொல்லப் போவது நடந்த கதை. மூன்றாம் வரிசையில் பழுப்புக் கோட்டு அணிந்து அமர்ந்திருக்கும் என் நண்பர் லெஸ் பிக்கரிங்கின் அனுமதி பெற்றே சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு. 'விண்வெளித் தபால்காரர்கள்' என்று ஒரு தொடர். கோள் விட்டுக் கோள் கடிதம் கொண்டுபோகும் கப்பல், எங்கேயும் எப்போதும் தாமதமாகவே போய்ச்சேரும் கப்பல். சிரிப்பும் விண்வெளியும் கைகோத்த தொடர் அது. அதன் ஒரு பகுதியைப் பதிவு செய்ய ஆட்கள் வேண்டும் என்று அழைப்பு வந்தது. நம் புல்தரைப் பந்துருட்டு மன்றம் ஒரு பேருந்தை ஏற்பாடு செய்தது. நாற்பத்திரண்டு பேர் போனோம். அவர்களில் ஒருவர் லெஸ். அவர் பக்கத்தில் அவர் மனைவி லோர்னா.

லோர்னாவை இளையவர்கள் சிலர் அறிய மாட்டீர்கள். ஆறு ஆண்டுகள் ஆயிற்று அவர் மறைந்து. நம் அஞ்சலகச் சன்னலுக்குப் பின்னால் முப்பத்தோரு ஆண்டுகள் நின்றவர். உறையைத் தொட்டுப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வார். "உனக்குப் பிறந்தநாள் வாழ்த்து வந்திருக்கு, அத்தை அனுப்பியிருக்காங்க, அவங்க கைவலி இன்னும் தீரல போலிருக்கே" என்பார். எழுத்தின் சாய்வைப் பார்த்தே கைவலியைக் கண்டுபிடித்தவர்!

அந்தப் படப்பிடிப்பில் கடைசிக் காட்சி. முந்நூறு ஆண்டுகள் பறந்து, ஒரு தூரத்துக் கோளின் அரசியிடம் கப்பல் தலைவர் ஒரு கடிதத்தை நீட்டுகிறார். பெரிய உரை, பெரிய வணக்கம், பெரிய இசை. அரசி உறையை வாங்குகிறாள். பிரிக்கிறாள். படிக்கிறாள். தலை நிமிர்ந்து, "இது கல்யாணப் பத்திரிகை... சாப்பாடு ஏதாவது மிச்சம் இருக்குமா?" என்கிறாள். கூட்டம் சிரிக்க வேண்டிய இடம் அதுதான்.

ஆனால் லோர்னா அதற்கு முன்பே சிரித்துவிட்டார். அரசி உறையை வாங்கிய அந்தக் கணத்திலேயே சிரித்துவிட்டார். ஏன்? தடித்த உறை, பொன்னிற ஓரம், மடிப்பில் மெழுகு முத்திரை. அஞ்சலக அனுபவம் சும்மா இருக்குமா? மற்றவர்கள் காதால் கேட்கக் காத்திருந்தபோது, லோர்னா கண்ணால் படித்துவிட்டார். மணி உருட்டினாற்போல் ஒரு சிரிப்பு. அமைதியான கூடத்தில் ஒற்றைச் சிரிப்பு. காட்சியை நிறுத்தாமல் அப்படியே விட்டார்கள். அப்படியே ஒளிபரப்பானது. நம் ஊரே பெருமையோடு கேட்டது; கேட்டதும் போட்ட கூச்சலில் அடுத்து வந்தது ஒருவர் காதிலும் விழவில்லை.

லெஸ் அதை வீடியோ டேப்பில் பதிந்து வைத்திருந்தார். வகுப்பில் காட்ட வேண்டும் என்று நான்தான் கேட்டு வாங்கினேன். லோர்னாவே பள்ளிக்கு வந்து கொடுத்தார். "பத்திரம் சார், எங்ககிட்ட இது ஒண்ணுதான் இருக்கு" என்றார். பிறகு ஒருநாள் அவர் கேட்டபோது, "தொலைந்துபோயிற்று அம்மா, மன்னித்துவிடுங்கள்" என்று நான் சொன்னேன். அவர், "போகட்டும் சார், அதான் நான் இருக்கேனே, வேணும்னா நேர்ல சிரிச்சுக் காட்டறேன்" என்றார். சிரித்தும் காட்டினார்.

போன மாரிக்காலத்தில் ஒரு நிறுவனம் அந்தப் பழைய தொடரைப் புதுப்பித்து வெளியிட்டது. லெஸ்ஸின் மகள் ஜோன், அப்பாவின் பிறந்தநாளுக்கு அதைத் தொலைக்காட்சியில் வரவழைத்துக் கொடுத்தாள். லெஸ் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கப்பல் வந்தது. கடிதம் வந்தது. அரசி உறையை வாங்கினாள்.

மௌனம்.

இந்தக் காலத்து மக்களுக்குச் சிரிப்பொலி பிடிப்பதில்லை என்று, தொடர் முழுவதிலுமிருந்து கூட்டத்தின் சிரிப்பைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை லெஸ் என் வீட்டு வாசலில் நின்றார். ரப்பர் காலணியைக்கூடக் கழற்றவில்லை. "அவளை அழிச்சிட்டாங்க, வாத்தியாரே" என்றார். அந்த நிறுவனத்துக்கு எழுதிப் பார்த்தோம். பழைய ஒலிப்பதிவு தங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலை மடித்துக்கொண்டே லெஸ் என்னைக் கேட்டார்: "லோர்னா குடுத்தாளே ஒரு டேப்பு... அது நெசமாவே தொலைஞ்சுதா?"

பெரியோரே! பிள்ளைகளுக்கு முப்பத்து நான்கு ஆண்டுகள் உண்மை பேசக் கற்றுக்கொடுத்த வாய் இது. இந்த மேடையில் அது சொல்லட்டும். தொலையவில்லை. நான் அழித்தேன். ஒன்பதாம் வகுப்புக்கு மறுநாள் சனிக்கோள் பாடம். தொலைக்காட்சியில் சனியின் வளையங்கள் பற்றி ஒரு நிகழ்ச்சி. பள்ளியில் வெறும் டேப் இல்லை. கைக்கு எட்டியதை எடுத்துப் போட்டேன். அது எந்த டேப் என்று தெரிந்தபோது பாதி நிகழ்ச்சி பதிவாகியிருந்தது, இனி நிறுத்தி என்ன என்று விட்டுவிட்டேன். சொல்ல வெட்கப்பட்டேன், தொலைந்தது என்றேன். நிறுவனத்தின் பதில் வந்த அன்று லெஸ்ஸிடம் இதைச் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. என் வீட்டுப் படியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினார். ஒன்றைக் கழற்றினார், மற்றதைக் கழற்றவில்லை. பிறகு கேட்டார்:

"சனி எத்தனை நிமிஷம்?"

என்ன கேட்கிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் சொன்னார்: "அந்தத் தபால் கதை அரை மணி நேரம். உன் சனி அரை மணிக்குக் குறைவா இருந்தா, கடைசி கொஞ்சம் மிச்சம் இருக்கும்ல?"

அறிவியல் ஆசிரியன் நான். எனக்குத் தோன்றவில்லை. மாடு கறப்பவருக்குத் தோன்றியது! என் கொட்டகையில் பள்ளிப் பெட்டிகளைக் கவிழ்த்தோம். டேப் கிடைத்தது. பழைய பொருள் கடையில் அதை ஓட்டும் கருவியும் கிடைத்தது. போன வியாழக்கிழமை, காலைக் கறவை முடிந்து, லெஸ் வீட்டுச் சமையலறை மேசையில் இருவரும் உட்கார்ந்து சனியின் வளையங்களைப் பார்த்தோம். இருபத்தாறு நிமிடம்! வளையங்கள் பனிக்கட்டியாலானவை என்று அவர் அறிந்துகொண்டார். "ரொம்ப முக்கியம்" என்றார். நிகழ்ச்சி முடிந்தது. திரையில் கோடு கோடாகப் பொறி பறந்தது. பிறகு, அவையோரே, அரசி வந்தாள்!

உறையை வாங்கினாள். லோர்னா சிரித்தார்.

முப்பத்தெட்டு ஆண்டுகள் தாண்டி, என் சனிக்கோளைத் தாண்டி, தன்னந்தனியாக, முந்திக்கொண்டு, அந்தச் சிரிப்பு வந்தது. லெஸ் இரண்டு கைகளாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு முடியவில்லை, நடுவிலேயே நின்றது. ஏனென்றால் அதன்மேல் ஓர் ஆண்குரல் விழுந்தது. அவர்கள் தலைக்கு மேலேயே ஒலிவாங்கி தொங்கியிருக்க வேண்டும். தெளிவாகக் கேட்டது:

"ஷ்ஷ்! சும்மா இரு லோர்னா, பட்டிக்காடுன்னு நினைக்கப் போறாங்க."

அது லெஸ்ஸின் குரல்.

அதற்குப் பிறகு அரசி அந்த வசனத்தைச் சொன்னாள். கூடமே சிரித்தது, ஓடு பெயரும்படி சிரித்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். மூன்று முறை ஓட்டிக் கேட்டோம். அந்தச் சிரிப்புக் கடலில் லோர்னாவின் சிரிப்பு இல்லை. எல்லாரும் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை.

லெஸ் கருவியை அணைத்தார். கையை அதன்மேல் வைத்தபடியே சொன்னார்: "இத்தனை வருஷமா எனக்கு அவ சிரிச்சது மட்டுந்தான் ஞாபகம் இருந்துச்சு, வாத்தியாரே. நான் அடக்கினது ஞாபகமே இல்ல. அவளும் ஒரு நாள்கூடச் சொல்லல பாரு."

வீட்டில் லோர்னா எப்படிச் சிரிப்பார், கடையில் எப்படிச் சிரிப்பார் என்று ஏதேதோ சொன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதா? எனக்கு அந்த ஒரு சிரிப்பு முழுசா வேணும். எங்க போய்க் கேப்பேன்?" என்றார்.

எங்கே போய்க் கேட்பது, நண்பர்களே? எந்தக் கடையில் கிடைக்கும்? எந்த நிறுவனத்துக்கு எழுதினால் வரும்? ஒரு மனிதர் சிரிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் ஒரு நொடி பொறுத்தால், அந்தச் சிரிப்பு முழுதாகும். அந்த ஒரு நொடிதான் வேண்டும் என்று என் நண்பர் ஏங்குகிறார். நாம் யாரை அடக்கவில்லை? பேத்தியை அடக்கவில்லையா? பக்கத்து வீட்டுக்காரரை அடக்கவில்லையா? வகுப்பில் நான் எத்தனை சிரிப்பை அடக்கியிருப்பேன்! பிரெண்டன், உன் சிரிப்பை நான் எத்தனை முறை அடக்கினேன்? "எண்ண முடியாது சார்" என்கிறாயா? என்னை மன்னித்துவிடு அப்பா.

இன்னும் சற்று நேரத்தில் இந்தத் திரையில் அந்தப் பகுதி ஓடப்போகிறது. டேப் நைந்துவிட்டது, அதனால் ஓடப்போவது சிரிப்பைத் துடைத்தெடுத்த புதுப் படம்தான். அதில் ஒரு சிரிப்பும் இருக்காது. சிரிப்பு முழுவதும் நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும். லெஸ் என்னிடம் சொல்லச் சொன்னது ஒன்றே ஒன்று: "யாராவது முன்னாடியே சிரிச்சாங்கன்னா, பக்கத்துல இருக்கறவங்க அடக்காம இருக்கச் சொல்லு." அவ்வளவுதான் அவர் வேண்டுகோள். முந்திச் சிரியுங்கள், பிந்திச் சிரியுங்கள், தவறான இடத்தில் சிரியுங்கள், ஒருவரும் ஒருவரையும் பார்த்து உதட்டில் விரல் வைக்காதீர்கள். தலைவர் அவர்களே, உங்கள் மணியையும் கொஞ்சம் மேசைக்கு அடியில் வைத்துவிடுங்கள்!

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், தட்டுகளைக் காத்த தாய்மார்க்கும், பேச அழைத்த மன்றத்தார்க்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. சன்னல் திரைகளை இழுத்துவிடுங்கள். படத்தைப் போடுங்கள். அரசி உறையை வாங்கப் போகிறாள். தடித்த உறை, பொன்னிற ஓரம். உள்ளே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும், லெஸ். எங்களுக்காகக் காத்திருக்காதே. நீ முதலில் சிரி.

வணக்கம்.