சிவப்புச் சீட்டு கட்டிய அறை

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், மேடம். குறையாகச் சொல்லவில்லை. தரப் பரிசோதனையிலேயே காலத்தை ஓட்டியவன், எதைத் தொட்டாலும் எது கூடுதல், எது குறைவு என்றுதான் புத்தி போகும்.

என் பெயர் நல்லுசாமி, சொந்த ஊர் கரூர் பக்கம். ஜூஜுவாடி அருகே ஒரு கம்பெனியில் பிரேக் பாகங்கள் செய்கிறோம். பாகம் ஒன்று கெட்டு வந்தால் நாங்கள் கத்த மாட்டோம், யாரையும் திட்ட மாட்டோம். சிவப்புச் சீட்டு கட்டித் தனி அறையில் வைத்துப் பூட்டுவோம். அதற்கு 'ஹோல்டு' என்று பெயர். பிறகு 'ஏன்' என்று ஐந்து தடவை அடுத்தடுத்துக் கேட்போம். ஐந்தாவது பதில்தான் கோளாறின் வேர். ஜப்பான்காரர்கள் வந்து சொல்லிக்கொடுத்த முறை அது.

போன மாதம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் கெட்டுப்போனது. அதைத் தினமும் துடைப்பதும் நான்தான், உறை தைத்ததும் நான்தான். நான் ஷிஃப்டில் இருந்தபோது எவனோ வீட்டுக்குப் போன் செய்து, கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது, இங்கிருந்தே சரிசெய்கிறேன் என்றிருக்கிறான். அவன் சொன்ன பட்டனையெல்லாம் என் மனைவி முனிலட்சுமி அமுக்கியிருக்கிறாள். எங்கோ உட்கார்ந்துகொண்டு எங்கள் வீட்டு மவுஸை நகர்த்தி, உள்ளே இருந்ததையெல்லாம் பூட்டிவிட்டு, பணம் கட்டு என்று திரையில் எழுதிவிட்டான். 

ஆனாலும் மீட்டுவிட்டேன். வைரஸ் எதிர்ப்பு சிடி ஒன்றை விடிய விடிய ஓட்டினேன், பச்சை டிக் வந்தது. பக்கத்து வீட்டுக் கமலக்கண்ணன், "அண்ணா, மொத்தமா அழிச்சுட்டுப் புதுசாப் போடுங்க. அவன் உள்ளாற எதையாச்சும் வுட்டுட்டுப் போயிருப்பான்" என்றான். சின்னப் பையன். வேரை விட்டுவிட்டு இலையைத் துடைக்கிறவர்கள் பேச்சு அது.

நான் 'ஏன்' கேட்கத் தொடங்கினேன். ஏன் கெட்டது? திருடன் உள்ளே வந்தான். ஏன் வந்தான்? முனிலட்சுமி விட்டாள். ஏன் விட்டாள்? அவன் தெலுங்கில் பேசினான். அவளுக்குப் பாகலூர் பக்கம், பிறந்த வீட்டில் தெலுங்கு. என் வீட்டில் தெலுங்கு கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருந்தேன். ஏன் அவ்வளவு நேரம் பேசினாள்? இதை அவளிடமே கேட்டேன்.

"ஏங்க, அவன் 'சாப்ட்டியாக்கா'ன்னு கேட்டான்ங்க. என்னைய அப்படி யாரு கேக்கறாங்க?" என்றாள்.

ஐந்தாவது 'ஏன்' தேவைப்படவில்லை. சில கோளாறுகளுக்கு நான்கிலேயே வேர் கிடைத்துவிடும்.

பின்னறையைக் காலி செய்து, வாசலில் சிவப்புப் பட்டை ஒட்டினேன். சந்தேகத்துக்குரிய சரக்கெல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. கம்ப்யூட்டரை உள்ளே வைத்தேன். முனிலட்சுமியையும் உள்ளே வைத்தேன். சீட்டை அவள் மணிக்கட்டில் கட்டினேன், இறுக்கமாக அல்ல.

"கதவத் தொறங்க. எங்க அம்மா வூட்டுக்காச்சும் போறேங்க" என்றாள். இது தண்டனை இல்லை, ஹோல்டு என்று பொறுமையாக விளக்கினேன். கம்பெனிச் சங்கு ஊதும் நேரத்துக்குச் சரியாகச் சாப்பாட்டுத் தட்டு உள்ளே போனது. பல நாள் அப்படியே திரும்பியது. முதலில் நிறைய அழுதாள், போகப் போகச் சத்தம் குறைந்தது. முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன். மாமியார் மங்கம்மா வந்தபோது, முனிலட்சுமி கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பினேன். ஹோல்டில் இருப்பதை வெளியாட்களுக்குக் காட்டுவதில்லை.

போனைக் கழற்றிவிட்டேன். கம்ப்யூட்டரில் நெட் வயரை மட்டும் விட்டேன், வைரஸ் எதிர்ப்பு இரவு பகலாக ஓட அது வேண்டும்.

நேற்று அந்த அறையில் மவுஸ் அம்பு தானாக நகர்ந்திருக்கிறது. பணம் வரவில்லையே என்று திருடன் திரும்ப வந்திருக்கிறான். பணம் எங்கே என்று அவன் எழுத, தன்னைப் பூட்டி வைத்திருப்பதாக இவள் தெலுங்கை இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருக்கிறாள். அவன் விலாசம் கேட்டு வாங்கி உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் போட்டிருக்கிறான். ஒரு திருடன் பேச்சைக் கேட்டு ஜீப்பைக் கிளப்பினீர்கள், மேடம். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

நீங்கள் பூட்டை உடைத்ததும் அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அந்தத் தம்பி இன்னும் லைன்ல இருக்கானா?" என்றுதான் உங்களிடம் கேட்டாள். எனக்கு அது வலித்தது.

ஆமாம், பூட்டியது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? ஐந்தாவது ஏனுக்கும் இங்கே உட்கார்ந்திருந்தபோது பதில் கிடைத்துவிட்டது. நெட் வயரைக் கழற்றாமல் விட்டேன். முழுக்க என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். அவள் வீட்டுக்குத் திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றிவிடுவேன்.