ரஞ்சிதாவின் மைக்

கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் ஒயரைத்தான் பார்ப்பேன். பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். மிச்சப் பாதி, ஆப்களுக்குள் நடக்கும் சண்டை. விவரமாக எழுதித் தரச் சொன்னீர்கள், அதனால் அந்தச் சண்டையிலிருந்தே தொடங்குகிறேன், இன்ஸ்பெக்டர் மேடம்.

புதுக்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பு. வீட்டு கம்ப்யூட்டரிலும் லினக்ஸ்தான் போட்டிருந்தேன். அதில் சாதாரணமாக நாலைந்து ஆப்கள் ஒரே மைக்கைப் பகிர்ந்துகொள்ளும். ஆனால் ஒன்று மட்டும் நேராகப் போய் மைக்கைப் பிடித்துக்கொண்டால், அது விடுகிறவரை மற்றவற்றுக்குக் கிடைக்காது. கால் போகும், மணி அடிக்கும், எதிராளி பேசுவது நமக்குக் கேட்கும். நாம் பேசுவது மட்டும் போகாது.

என் மனைவி ரஞ்சிதாவுக்குச் சொந்த ஊர் கட்டுமாவடி. பி.காம் முடித்தவள். அப்பா இல்லை. அம்மா அமுதவல்லி மீன் வியாபாரம். எங்கள் வீடு வல்லத்திராக்கோட்டையைத் தாண்டி, தைலமரக் காட்டுக்கும் எங்கள் வயலுக்கும் நடுவில் தனியாக இருக்கிறது. அங்கிட்டு ஆள் நடமாட்டம் குறைவு. அதனால் வேலைக்குப் போகும்போது கிரில் கேட்டை வெளியே பூட்டிவிட்டுப் போவேன். பின்பக்கம் குளியலறையும் துவைகல்லும் உள்ள முற்றம், அதற்கும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர். இன்னொரு சாவி தொலைந்துவிட்டதாக அவளிடம் சொல்லியிருந்தேன்.

தனியாக இருப்பவளுக்கு ஏதாவது ஆனால் தெரியவேண்டும் என்றுதான், வீட்டில் கேட்கும் சத்தம் கம்ப்யூட்டர் மைக் வழியாக என் போனுக்கு வருகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதி வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் இயல்பாக இருக்க மாட்டாள்.

போன வருஷம் திருச்சியில் ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை வேலைக்கு விண்ணப்பித்தாள். ஹாஸ்டலில் தங்கவேண்டும். இன்டர்வியூ குரலில் மட்டும். நான் லேபில் இருந்தேன். சாயங்காலம் வந்தபோது சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் பேசப் பேச அந்தப் பொண்ணு ஹலோ ஹலோன்னே சொல்லிட்டு வச்சிருச்சுங்க. எம் மேலதான் தப்பா?"

எனக்கு உடனே புரிந்தது. என் புரோகிராம் மைக்கைப் பிடித்திருக்கிறது. அது வேண்டுமென்று செய்ததில்லை, இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். "பாக்குறேன்" என்றேன். அன்று அவள் திருச்சியைப் பற்றிப் பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது.

அடுத்த கம்பெனி கூப்பிட்டபோது, முதல் நாளே அவள் முன்னால் உட்கார்ந்து சோதித்துக் காட்டினேன். அவள் குரலைப் பதிவு செய்து அவளுக்கே போட்டேன். "என் குரலு நல்லாத்தான இருக்கு?" என்று சிரித்தாள். நல்ல குரல்தான். மறுநாள் இன்டர்வியூ தொடங்கியதும், என் புரோகிராம் மைக்கைப் பிடித்துக்கொள்ள லேபிலிருந்து போனில் ஒரு வரி தட்டினேன். அவ்வளவுதான் வேலை.

அதற்குப் பிறகும் இன்டர்வியூக்கள் வந்தன. ஒவ்வொரு தடவையும் ஒயரை மாற்றினேன், புது மைக் வாங்கினேன், சில நாள் கம்ப்யூட்டரையே அழித்து மறுபடி ஏற்றினேன். எனக்குப் பாவமாக இருக்கும். காபி போட்டுக் கொடுப்பேன். "எனக்கு ராசியில்லைங்க" என்பாள். கடைசியில் மைக்கைத் தொடவே பயந்தாள்.

அவள் போன் டிஸ்பிளே உடைந்தது. சரிபண்ணி என் பையிலேயே வைத்திருந்தேன். கம்ப்யூட்டரிலிருந்து அம்மாவிடம் பேசினாள். அந்த ஆப்பில் அவள் அம்மா, அதாவது என் அத்தை நம்பர் ஒன்றுதான் போட்டுக் கொடுத்திருந்தேன். ஒரு நாள், "கேட்டைப் பூட்டிட்டுப் போறாரும்மா" என்று அவள் ஆரம்பித்தது என் போனில் கேட்டது. உடனே தட்டினேன். அத்தை காதில் எதுவும் விழவில்லை. பிறகு அப்படி அடிக்கடி ஆனது. அத்தைக்கும் பழகிவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை லேபில் பிராக்டிகல் பரீட்சை. ஒரு காதில் இயர்போன் இருந்தது. மைக் காலையிலிருந்தே என் புரோகிராமின் பிடியில்தான் இருந்தது. முற்றத்தில் அலறல் கேட்டது. நாற்காலி இழுபட்டது. கால் போட்டாள்.

"அம்மா, துவைகல்லுக்கிட்ட பாம்பு கடிச்சிருச்சும்மா. கண்ணாடி விரியன். கேட்டு பூட்டியிருக்கும்மா. யாரையாவது அனுப்பும்மா."

ஸ்பீக்கரில் அத்தை குரலும் எனக்கு வந்தது. "ஏத்தா, ஒஞ் சத்தமே வரலத்தா. அந்த மைக்கு மறுபடி மக்கர் பண்ணுது. மாப்ள வந்ததும் பாக்கச் சொல்லு. ஏலத்துக்கு நேரமாச்சு, வைக்கிறேன்."

மறுபடி போட்டாள். அத்தை எடுத்து, ஹலோ சொல்லி, வைத்துவிட்டார். கீபோர்டில் தட்டும் சத்தமும் கேட்டது. எழுத்தாக அனுப்பியிருப்பாள். அத்தைக்குப் படிக்கத் தெரியாது, அது ரஞ்சிதாவுக்கும் தெரியும். ஜன்னலுக்குப் போய்க் கத்தினாள். பக்கத்துக் கொல்லைக்காரர் நல்லதம்பி அந்த நேரத்தில் போர் மோட்டார் போட்டிருப்பார். திரும்ப வந்து மைக்கைத் தட்டிப் பார்த்தாள். "இது எப்படித்தாங்க வேலை செய்யும், சொல்லுங்களேன்" என்றாள். என்னைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

முன்னொரு தடவை வயிற்றுவலி என்று பொய் சொல்லிக் கேட்டைத் திறக்க வைத்தவள் அவள். இதுவும் அப்படித்தான் என்று நான் நினைத்ததாக முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது உண்மையில்லை. அந்த அலறலை நான் நம்பினேன். ஒரு வரி தட்டினால் மைக் விடுபட்டிருக்கும். அத்தை யாரையாவது அனுப்பியிருப்பார், அவள் பிழைத்திருப்பாள். ஆனால் பூட்டை உடைத்து வருகிறவர்கள் பூட்டைப் பற்றிக் கேட்பார்கள். அவளும் சொல்வாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் இருக்க மாட்டாள்.

நான் தட்டவில்லை. பரீட்சையை முடித்து, விடைத்தாள்களைக் கட்டி ஒப்படைத்து, வழக்கமான நேரத்துக்குத்தான் கிளம்பினேன். வழியில் பூ வாங்கினேன். நான் கேட்டைத் திறந்தபோது அவள் நாற்காலிக்குக் கீழே கிடந்தாள். மைக் கையில் இருந்தது.

அதற்கு முன்பே, மதியத்திலேயே அவள் குரல் குறைந்துவிட்டது. அப்புறம் மூச்சு மட்டும்தான். பிள்ளைகள் சந்தேகம் கேட்டபோதுகூட நான் இயர்போனைக் கழற்றவில்லை. ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். கட்டினவள் பேசுவதை இத்தனை பொறுமையாக உட்கார்ந்து கேட்கிற ஆண்கள் எங்கள் பக்கம் குறைவு, மேடம்.