அருச்சுனனின் முழங்கால்

மூலிகைப் பற்றுப் போட்ட காலை, வைத்தியர் கட்டை அவிழ்க்கும்வரை அசைக்கக் கூடாது என்பது விதி, சுவரிலும் எழுதியிருக்கிறார். ஆனால் காத்திருப்போர் வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் கட்டுப்போட்ட கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"மச்சான், அருச்சுனனுக்கு முழங்கால் சவ்வு கிழிஞ்சா கூத்த ஆர் ஆடுற?" என்றார் கூட வந்தவர்.

"அரைவாசிக் கிழிசல்தான்டா. வெட்டத் தேவையில்ல எண்டு ஆசுபத்திரியிலயும் சொன்னவங்க."

"கூத்துப் பழக்கிற அண்ணாவியார், நீ ஆடுவியா மாட்டியா எண்டு தினமும் கேக்காரு."

"வைத்தியர் வாயத் திறக்காம நான் என்னத்தச் சொல்ல?"

"பயப்படாத, கிருஷ்ணர் நான் இரிக்கன். தேர விட்டு இறங்காமலே சண்டை பிடி!"

உள்ளே போன அருச்சுனன் கட்டு இல்லாமல் நடந்து வந்தார். பின்னாலேயே வைத்தியரின் குரல்: "ஆடலாம், பாயக் கூடாது. முன்வரிசையில எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வை!"

அண்ணாவியாருக்கான மறுமொழி இப்படி வந்து சேர்ந்தது, அரங்கேற்றத்துக்கு முதல்நாள்.