முட்டிவலியும் முறுக்குக் கடையும்

"என் முட்டி வீங்குனதுக்கும் நம்ம கடைக்கும் என்னடா சம்பந்தம்?"

ஆழ்வார்பேட்டையில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் கழுத்துவலியோடு காத்திருந்தேன். எதிர் நாற்காலிகளில் இரண்டு பேர். தி.நகரில் முறுக்குக் கடை நடத்தும் அண்ணன் தம்பி என்பது பேச்சிலேயே தெரிந்தது. அண்ணனின் முட்டியில் கட்டு. தம்பியின் மடியில் கடை வாடகை ஒப்பந்தங்கள்.

"இருக்குண்ணே. தெருமுனைக்கே ஸ்கூட்டர்ல போற ஆளு, மொத நாளே பத்து கிலோமீட்டர் ஓடுனீங்க. இப்ப, இருக்கிற ஒரு கடையையே சமாளிக்க முடியல, இந்த வருஷமே அஞ்சு கிளைங்கிறீங்க."

"இலக்குன்னா பெருசா வைக்கணும்டா. பிசினஸ் வகுப்புல அப்படித்தான் சொன்னாங்க."

"முறுக்கு பிழியவே ரெண்டு பேருதான் இருக்காங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"இன்னைக்கு இவ்வளவு மடக்கினா போதும் சார். வாரா வாரம் கொஞ்சம் கூட்டலாம்."

"இன்னைக்கே முழுசா மடக்கிடலாமே மேடம்?"

அடுத்து ஓர் அலறல். தம்பி கண்ணை மூடிக்கொண்டார்.

கால் மணி நேரம் கழித்து அண்ணன் சுவரைப் பிடித்தபடி நொண்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"நீ சொன்னது சரிதான்டா. அகலக்கால் வைக்கக் கூடாது."

தம்பி நிம்மதியாக ஒப்பந்தங்களைப் பைக்குள் வைக்கப் போனார்.

"அஞ்சு வேணாம். நாலு கிளை போதும்."