வாய் பேசாத வெல்டரு

...இல்ல சார், மெஷினுக்கு ஏசி, எனக்கு ஒரு டேபிள் ஃபேனு. அதுவும் தலைய ஆட்ட மாட்டேங்குது. அத நான் கொறையாச் சொல்லல. லேசர் வெல்டிங் மெஷினாச்சே, சூடு தாங்காதாம். அதுக்கு ஊத்துறது டிஸ்டில்டு வாட்டரு, நான் குடிக்கிறது போர் தண்ணி. நான் தாங்குவேன்ல... பஸ்ஸு குலுக்குது, கொஞ்சம் நவுந்துக்குங்க சார், இந்தப் பைய நடுவுல வச்சிக்கிறேன். கொய்யாப்பழம்தான், நசுங்குனா நசுங்குது. அண்ணாமலை நகர்ல எம் பொண்ணு இலக்கியா இருக்கா, அவளுக்கு.

இன்னா வேலையா? அப்பிடிக் கேளுங்க. கடலூர்ல, சிப்காட் தாண்டுனதும் உள்ள ஒரு ரோடு போவும் பாருங்க, அங்கதான் எங்க ஷெட்டு. பாதி என்னுது, பாதி எம் மச்சான் தேவநாதனோடது. என் சம்சாரம் லோகநாயகியோட தம்பி. நாங்க பண்றது வண்டிக்கு சைலன்சரு. தகட்ட அமுக்கி சைலன்சர அரை அரையா எடுக்கறது என் பிரஸ்ஸு. ரெண்டு அரையையும் சேத்து வெல்டு அடிக்கிறது அவன் பக்கம். அப்புறம் சென்னைக்குப் போயிரும். இத்தன வருசமா ஒரு சண்டையில்ல, ஒரு சச்சரவில்ல. இந்த லேசர் வந்துச்சு பாருங்க, அதோட போச்சு.

வந்த அன்னிக்கு நீங்க பாக்கணுமே. பூசணிக்கா ஒடச்சு, சூடம் காட்டி, லோகநாயகி அதுக்குப் பொட்டெல்லாம் வச்சா. எனக்கு என்னிக்காச்சும் வச்சிருப்பாளா... சரி அத விடுங்க. மெஷின் கம்பெனியிலேருந்து ஒரு ஆளு, டை கட்டிக்கிட்டு வந்திருந்தான். அவன் கொண்டாந்த துண்டு ரெண்ட உள்ள வச்சுக் கதவ மூடி பச்ச பட்டன அமுக்குனான். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால ஒரு வெளிச்சம் ஓடுச்சு, அவ்ளோதான். எடுத்துப் பாத்தா பென்சில்ல கோடு இழுத்த மாதிரி இருக்குது. பொகையில்ல, பொறியில்ல. முன்ன ஒரு ஷிப்டு பூரா அடிக்கிறத இது சாப்பாட்டு மணிக்குள்ள முடிச்சிருமாம். எல்லாரும் கை தட்டுனாங்க. நானும்தான் தட்டுனேன்.

அடுத்தது எங்க சைலன்சரு. பட்டன அமுக்குனான்... புஸ்ஸு. ஓட்ட. இன்னொண்ணு வச்சான், அதுலயும் ஓட்ட. அந்த ஆளு ரெண்டு அரைய சேத்துப் புடிச்சான், பாக்கெட்டுலேருந்து விசிட்டிங் கார்ட எடுத்தான், நடுவுல சொருவுனான். முழுசா உள்ள போயி விழுந்துருச்சு சார். எடுத்து ஆட்டுறான், கொழந்தைக்கு கிலுகிலுப்ப ஆட்டுற மாதிரி. கலகலங்குது. எல்லாரும் சிரிச்சாங்க. மொதல்ல சிரிச்சது ஆருங்கறீங்க? லோகநாயகி.

நான் கேக்கறேன், கேப்பு இருந்தா இன்னா? முன்ன வெல்டருங்க கம்பிய உருக்கி அடைச்சிருவாங்க, சுவத்துக்குப் பூச்சு பூசற மாதிரி. இது அப்பிடியில்லயாம். ரெண்டு ஓரத்தையும் உருக்கி ஒட்ட வைக்கிறது மட்டும்தான் இதுக்குத் தெரியும். நடுவுல ஒண்ணுமில்லன்னா எத ஒட்டும்? ஓட்டயப் போட்டுட்டு சும்மா நிக்கும். அனுசரிச்சுப் போற புத்தியே கெடயாது சார் அதுக்கு.

தேவநாதன் பதமாத்தான் சொன்னான், இல்லேங்கல. பிரஸ்ஸுல இருக்கற டை, அதான் அந்த அச்சு, தேஞ்சு போச்சு, அதான் வெளிம்பு தூக்குது, புதுசு போட்டுரலாம்னான். எல்லாருக்கும் எதுர்ல அந்தக் கிலுகிலுப்பய ஆட்டுன பொறவு எனக்கு மனசு வருமா? என் டை மேல எவனும் கை வைக்கக் கூடாதுன்னுட்டேன். கொஞ்ச நாள்ல பாண்டிச்சேரிலேருந்து வேன் வந்து நிக்குது. செந்தமிழ்செல்வன்னு ஒருத்தன், அங்க பிரஸ்ஸு வச்சிருக்கான். அவன் அமுக்குன அரைங்கள எறக்குறாங்க. என் பிரஸ்ஸுக்கு தார்ப்பாய் போட்டு மூடியாச்சு. இப்பவும் காலையில போனதும் தார்ப்பாயத் தூக்கிட்டு சக்கரத்த ஒரு சுத்து கையால சுத்தி விடுவேன். துரு ஏறக்கூடாதுல்ல.

அப்புறம் கொஞ்ச நாள் வீட்லயே இருந்தேன். இருந்தேன்னா இன்னா, லோகநாயகிகிட்ட பேசிக்கிட்டு இருந்தேன். காலையிலேருந்து நைட்டு வரைக்கும் பேசுறதுக்கு அவ ஒருத்திதான. அவ தம்பிக்குப் போனு போட்டுட்டா. நான் பக்கத்துலதான் இருக்கேன், என்னய வச்சிக்கிட்டே சொல்றா: “தேவா, உங்க மாமாவுக்கு எதுனா ஒரு வேலையப் போட்டுக் குடு. இல்ல, நான் அங்க வந்துர்றேன்.”

அப்பிடித்தான் சார், எம் பிரஸ்ஸ மூட வச்ச மெஷினுக்கே நான் ஆபரேட்டரு. ரெண்டு அரைய எடுத்து வைக்கணும், கதவ மூடணும், பட்டன அமுக்கணும். பேச்சுத் தொணைக்கு ஆளில்ல. அதுகிட்ட பேசுனா கேக்கவா போவுது? ஆனா ஒண்ணு, நிக்க நிக்க ஒரு கண்ணு வந்துருச்சு. அரைய கையில எடுக்கும்போதே தெரிஞ்சிரும், இது ஒட்டும், இது ஒட்டாதுன்னு. போன வாரம் பாண்டிச்சேரி லோடு வந்துச்சு. தொட்டேன், வெளிம்பு தூக்கிட்டு நிக்குது. ஒரு ட்ரே பூராவும் திருப்பி வேன்ல ஏத்திட்டேன். செந்தமிழ்செல்வன் நேர்ல வந்தான். விட்டனா? அத்தன பேருக்கும் முன்னால நடுவுல என் சீப்ப சொருவிக் காட்டுனேன். இது சைலன்சரா தவுட்டுக் கூடையான்னு கேட்டேன். அந்தாளுக்கு மூஞ்சி தொங்கிருச்சு. உள்ளத சொன்னேன், தப்பா?

அவன் நேரா தேவநாதன்கிட்ட போயி இன்னா சொல்றான் தெரியுமா? “சார், உங்க மாமா வாய் தாங்க முடியல. ஒரு ரோபோவ வாங்கிப் போட்டுருங்க. அதுவே எடுத்து வைக்கும், அதுவே எறக்கும், பேசாது.” எம் மச்சான் அவன வெளிய போடான்னு சொல்லுவான்னு பாத்தா, எந்தக் கம்பெனி ரோபோ நல்லாருக்கும்னு விசாரிக்கிறான் சார். வேலைய ஒழுங்காப் பாக்கறவன வேணாம்னு வாயில்லாத ஒண்ண கொண்டாந்து நிறுத்துறதாம். அநியாயமா இல்ல? அதான் இலக்கியாவப் பாக்கப் போறேன். மாமன் அவ பேச்ச மட்டும் தட்ட மாட்டான்.

ஆரு? இந்த லேசர் வாங்கற யோசனைய மொதல்ல ஆரு குடுத்ததா? நல்லாக் கேட்டீங்க போங்க. நான்தான். ஆமா, நான்தான் சொன்னேன். சின்னையன்னு ஒரு வெல்டரு இருந்தாரு எங்ககிட்ட. கை சுத்தம், வாய் சரியில்ல. நான் அரைய கொண்டுபோயி வச்சாப் போதும், கண்ணாயிரம் அண்ணே, இந்தச் சந்துல எலி குடித்தனம் பண்ணலாமேன்னு ஷெட்டே கேக்கறாப்பல கத்துவாரு. தெனமும். லோடு எடுக்க வர்ற டிரைவருங்க முன்னாலயும். மனுசனுக்கு மானம்னு ஒண்ணு இருக்குல்ல சார்? அதான் தேவநாதன்கிட்ட போயி, மெஷின் வாங்கிப் போடு, அது திருப்பிப் பேசாதுன்னேன். மெஷின் வந்ததும் அவுரு தானாவே போயிட்டாரு. இப்ப புவனகிரியில வீட்டுக்கு இரும்பு கேட்டு, கிரில்லு பண்றாராம்... இல்ல சார், அது வேற. நான் சொல்றது வேலைக்காக. அவுரு சொன்னது வாய்க்கொழுப்பு. ரெண்டும் ஒண்ணாயிருமா?

சார்... இன்னா எழுந்துட்டீங்க? முட்லூர்லயே எறங்குறீங்களா? சொல்லவே இல்லியே. ஒரு பழமாச்சும் எடுத்துக்குங்க... போயிட்டாரு.

வாங்கம்மா, ஒக்காருங்க, எடம் இருக்கு. கூடைய கீழ வைங்க. சிதம்பரம் வரைக்குமா? நல்லதாப் போச்சு. நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கம்மா. உள்ளதச் சொல்ற மனுசன் வேணாம்னு, அதுக்காகவே ஒருத்தன் மெஷின் வாங்குவானா?