முள் அள்ளிய தடம்

வன்னியபெருமாள்: ...அங்கன மிதிக்காதலே தாணு! முள்ளு கெடக்கு.

தாணுலிங்கம்: பாத்துட்டேன் அண்ணாச்சி. நில்லுங்க, பொறுக்கி எறிஞ்சிருதேன். பின்னால வாரவங்க எல்லாம் வெறுங்காலு.

வன்னியபெருமாள்: நேத்து முச்சூடும் ஒத்தையில அள்ளுனேன். ரெண்டு வண்டி உடைமுள்ளு. தடத்த அடைக்கும்போது அரை நாள்ல அடைச்சேன்...

தாணுலிங்கம்: ஆளு கூப்பிட்டிருக்கலாம்லா.

வன்னியபெருமாள்: எவன் வாரான்? வடிவம்மா செத்த அன்னையிலேருந்து ஊருல ஒரு பய எங்கூடப் பேசுதானா? நீ ஒருத்தந்தான் கூப்பிட்ட ஒடனே வந்திருக்க. அதுவும் பொண்டாட்டியப் பறிகொடுத்தவன்...

தாணுலிங்கம்: நடங்க அண்ணாச்சி.

வன்னியபெருமாள்: ஏலே, உளுந்து! மறுபடி வெதச்ச உளுந்து!

தாணுலிங்கம்: தடத்துலதான வாரேன்! ஒத்தச் செடிக்கு ஒம்பது ஏச்சு. வடிவு சொல்லுவா, ‘அண்ணாச்சி செடிய எண்ணிப் பாத்துட்டுத்தான் சோத்துல கை வைப்பாரு’ன்னு.

வன்னியபெருமாள்: சொல்லுவாளா? சொல்லட்டும்... அவளுக்குத்தான் அடுத்தவன் காட்டுல நடக்கத் தெரியும். தலையில சுமை இருக்கும். இருந்தாலும் வேலிப் படலைத் தூக்கிச் சாத்தி, கயித்த மாட்டிட்டுத்தான் நகருவா. நிறைமாசத்துலயும்லா அப்படிச் செஞ்சா... என்னலே, ஒக்காந்துட்ட?

தாணுலிங்கம்: ஒண்ணுமில்ல. மூச்சு வாங்குது.

வன்னியபெருமாள்: அந்தா, எட்டயபுரம் ரோடு தெரியுது. இவ்வளவு தூரந்தான். அன்னைக்கு நேரா வந்திருந்தா...

தாணுலிங்கம்: முள்ளுக்கு முன்னால நின்னு கூப்பிட்டுப் பாத்தோம். அப்புறம் அவளக் கெடத்துன கட்டிலோட ஓடையைச் சுத்தி ஓடுனோம். ரோட்டுல ஏறுதோம், கரி பஸ் புகையைக் கக்கிட்டுப் போயிட்டிருக்கு. கத்துனோம். அந்தச் சத்தத்துல அவனுக்கு எங்க கேக்க? சண்டைக் காலம், பெட்ரோல் கெடையாது, அடுத்த பஸ் மறுநாளுதான்.

வன்னியபெருமாள்: ஐயோ...

தாணுலிங்கம்: புளியமரத்தடியில எறக்கி வச்சோம். ‘ஆசுபத்திரி வந்துட்டா?’ன்னு கேட்டா. ‘வந்துட்டோம் வடிவு’ன்னேன். அதுக்கப்புறம் அவ பேசல. பிள்ளையும் போச்சு.

வன்னியபெருமாள்: என்னைய ரெண்டு அடி அடிச்சிரேன்லே! ஏன் இப்படிக் கல்லு மாதிரி இருக்க?

தாணுலிங்கம்: நான்... ஒங்கள அடிக்கவா?

வன்னியபெருமாள்: பாட்டன் காலத்துலேருந்து நாலு ஊரு நடக்குத தடம். அடைக்க நான் யாரு? எவனோ படலைச் சாத்தாமப் போயிட்டான், ஆடு பூந்து மூணு குறுக்கம் நெலத்து உளுந்தையும் தின்னு தீத்துட்டு. கோவம்லே, கண்ணு மண்ணு தெரியாத கோவம். தருவைகுளத்து மீன்காரி அல்போன்சா மேல பழி போட்டேன். மாதா மேல சத்தியம் பண்ணுனா, நம்பல.

தாணுலிங்கம்: அவ செய்யல அண்ணாச்சி.

வன்னியபெருமாள்: ஒனக்கெப்படித் தெரியும்?

தாணுலிங்கம்: ...அவ அப்படிப்பட்டவ இல்ல.

வன்னியபெருமாள்: சாவடியில ஊரைக் கூட்டி என்ன சொன்னேன்? அபராதம் வேண்டாம், அடி ஒதை வேண்டாம். சாத்தாமப் போனவன் ‘நாந்தான்’னு ஒரு வார்த்த சொல்லட்டும், இந்த நிமிசமே முள்ள எடுத்துருதேன்னேன். சொன்னேனா இல்லியா?

தாணுலிங்கம்: சொன்னீக.

வன்னியபெருமாள்: ஒருத்தன் வாயத் தெறக்கல. பதினெட்டு நாளு! பத்தொம்பதாவது நாளுதான் வடிவம்மாளுக்கு வலி... தாணு, இன்னொண்ணு இருக்கு. அதச் சொல்லத்தான் ஒன்னைய வரச் சொன்னேன்.

தாணுலிங்கம்: என்னது?

வன்னியபெருமாள்: நீங்க முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டது... எனக்குக் கேட்டுச்சுலே.

தாணுலிங்கம்: கேட்டுச்சா...

வன்னியபெருமாள்: காவக் குடிசையில கஞ்சி குடிச்சிட்டிருந்தேன். தடத்துக்காகச் சண்டை போட வந்திருக்கானுவன்னு நெனச்சு எந்திரிக்கல. யாருட்டயும் சொல்லல, எம் பொண்டாட்டிட்டகூட. பிரசவ வலின்னு தெரிஞ்சிருந்தா வெறுங்கையால பிச்சு எறிஞ்சிருப்பேன் தாணு. சத்தியமா எறிஞ்சிருப்பேன்.

தாணுலிங்கம்: அழாதீங்க அண்ணாச்சி. எந்திரிங்க.

வன்னியபெருமாள்: இந்தக் காட்டை வித்துட்டு எங்கயாவது போயிருதேன். இந்த ஊரு மூஞ்சியில இனிம முழிக்க முடியாது. போறதுக்கு முன்னால அந்தச் சாத்தாமப் போன பயல மட்டும் ஒரு தடவ பாக்கணும்.

தாணுலிங்கம்: பாத்தா... என்ன செய்வீக?

வன்னியபெருமாள்: அடிக்க மாட்டேன். எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? ஒண்ணே ஒண்ணு கேப்பேன். அன்னைக்குச் சாவடியில ஏன்லே வாய மூடிட்டு நின்னன்னு.

தாணுலிங்கம்: வடிவு பக்கத்துல நின்னா அண்ணாச்சி. ‘படலைச் சாத்தாமப் போனவன் மனுசனா’ன்னு ஏசிட்டிருந்தா... அவ மூஞ்சிக்கு நேரா ‘நாந்தான்’னு சொல்ல வெக்கமா இருந்துச்சு.